நெக்ஸான் பெட்ரோலா, நெக்ஸான் இவியா?

பெட்ரோல் காரா, மின்சாரக் காரா (இவி) என்று ஒப்பிட டாடா நெக்ஸான் வசதியான வண்டி. வெளியே கிட்டத்தட்ட ஒரே உருவம், உள்ளே ஒன்றில் 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் இஞ்சின், இன்னொன்றில் பேட்டரியும் மோட்டாரும்.

மாதம் 1,000 கி.மீ. ஓட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சென்னை நெரிசலில் பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 12, 13 கி.மீ. கொடுத்தாலே நல்லது. லிட்டர் 100 ரூபாய் என்றால் மாதம் 8,000 ரூபாய் பக்கம் வந்துவிடும். இவிக்கு, சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, 100 கி.மீ.க்கு 16, 17 யூனிட். இதை வீட்டுக் கரண்ட்டின் ஆரம்ப விலையால் பெருக்கிவிட்டுப் பலர் ஏமாறுகிறார்கள். இரண்டு மாத பில்லில் கார் மட்டுமே 330 யூனிட் கூட்டும். ஏசி ஓடும் வீடு சுலபமாக 500 யூனிட்டைத் தாண்டும், அதற்கு மேல் யூனிட் விலை 8 ரூபாய்க்கும் அதிகம். 10 ரூபாய் என்றே கணக்குப் போடுங்கள். அப்போதும் மாதம் 1,650தான், மிச்சம் 6,000 ரூபாய்க்கு மேல். வெளியே ஃபாஸ்ட் சார்ஜரையே நம்பினால் யூனிட்டுக்கு 20 ரூபாய்க்கு மேலும் வாங்குவார்கள், மிச்சம் 4,700 ரூபாய்க்கும் கீழே இறங்கிவிடும்.

ஆனால் வாங்கும் விலை? 2025 செப்டம்பரில் சிறிய பெட்ரோல் கார்களின் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமானது. இவிக்குப் பழைய 5 சதவீதமே. அதனால் விலை இடைவெளி கூடிவிட்டது. அது 4 லட்சம் என்றால், மேலே சொன்ன ஓட்டத்தில் மீட்க ஐந்தரை வருடம் ஆகும். மாதம் 500 கி.மீ.தான் என்றால் பதினொரு வருடம். அவ்வளவு குறைவாக ஓட்டுபவர்களுக்கு நான் பெட்ரோலைத்தான் சொல்வேன்.

நம்பகத்தன்மையில் இரண்டு கணக்குகள் முட்டிக்கொள்வது போலத் தெரியும். அமெரிக்க நுகர்வோர் அமைப்பான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 2024-இல், பெட்ரோல் கார்களைவிட இவிகளில் 42 சதவீதம் அதிகப் பிரச்சினைகள் என்றது. ஜெர்மனியின் வாகன ஓட்டிகள் சங்கமான ஏடிஏசி கணக்கிலோ, இரண்டு முதல் நான்கு வயதான கார்களில் வழியில் நின்றவை ஆயிரத்துக்கு இவி 4.2, பெட்ரோல், டீசல் 10.4. முதலாவது திரை, சார்ஜிங் என எல்லாக் கோளாறையும் எண்ணுகிறது; இரண்டாவது, உதவிக்கு ஆள் கூப்பிட வேண்டி வந்தவற்றை மட்டும். இரண்டு வகையையும் அதிகம் நிறுத்தியது சாதாரண 12 வோல்ட் பேட்டரிதான்!

பெரிய பேட்டரியைப் பற்றிய பயம் கொஞ்சம் மிகை. 2012-இல் அரிசோனா வெயிலில் நிசான் லீஃப் கார்களின் பேட்டரி வேகமாகத் தேய்ந்தது உண்மை. அதில் திரவக் குளிரூட்டல் இல்லை. நெக்ஸானில் அது உண்டு, செல்களும் வெப்பத்தைத் தாங்கும் எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை. குறைந்தது 8 வருடம் அல்லது 1.6 லட்சம் கி.மீ. வாரண்டியும் இருக்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் பேட்டரி ஹெல்த் ரிப்போர்ட்டைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

சர்வீஸில் இவிக்கு இஞ்சின் ஆயில், ஸ்பார்க் பிளக் செலவு கிடையாது, பிரேக் பேடும் நாள்பட உழைக்கும். எடை கூடுதல் என்பதால் டயர் சீக்கிரம் தேயலாம்.

அப்புறம் எர்த்திங். பழைய வீடுகளில் இது சரியில்லாவிட்டால் சார்ஜர் ஃபால்ட் காட்டி நின்றுவிடும், கார் மேல் குற்றமில்லை. புக் செய்வதற்கு முன்பே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, கார் நிற்கும் இடத்திலேயே அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அபார்ட்மெண்ட் என்றால் சங்கத்தின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால் பெட்ரோலே எடுங்கள்.