ஆர்வி-10 உடலுக்குள் ஓடும் ஒயரிங்: எது நிற்கிறது, எது கைவிடுகிறது

வேன்ஸ் நிறுவனத்தின் ஆர்வி-10, நாமே ரிவெட் அடித்துக் கட்டும் நான்கு இருக்கை அலுமினிய விமானம். இதில் பேட்டரி சாமான் அறைக்கும் பின்னால் இருக்கிறது, ஸ்டார்ட்டர் மோட்டாரோ மூக்கில். நடுவே தடித்த கேபிள் ஒன்று ஓடியே ஆகவேண்டும். அதோடு வால் விளக்கு, டிரிம் மோட்டார் (வாலின் சிறு தகட்டை நகர்த்திப் பறப்பைச் சமன்செய்வது), ஆன்டெனா, திசை உணரி (காந்தப்புலத்தால் திசையை அறிவது) என்று மெல்லிய ஒயர்களும் ஒரு கட்டு சேரும். அமெரிக்காவில் இந்த வகை விமானத்தை 12 மாதத்துக்கு ஒருமுறை மூடிகளைக் கழற்றிப் பார்த்தாக வேண்டும், அதனால் ஒயரிங்கின் வண்டவாளம் வருஷா வருஷம் வெளியே வந்துவிடும். அப்படிப் பார்த்த வரையில், ஒயர் தானாகக் கெடுவது அபூர்வம். அது நுழையும் துளை, அதைக் கட்டிய இடம், அது முடியும் முனை ஆகியவற்றில்தான் ஏறக்குறைய எல்லாக் கோளாறும் வருகிறது.

ஒயரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டெஃப்சல் என்ற பிளாஸ்டிக் உறை போட்ட, தகரப் பூச்சு கொண்ட, அமெரிக்க ராணுவத் தர எண் 22759/16 ரகம்தான் வழக்கம். 150 டிகிரி செல்சியஸ் தாங்கும். பிவிசி உறை எரிந்தால் கேபினுக்குள் நச்சுப்புகை வரும் என்பதால் காருக்கு வாங்கும் ஒயர் இங்கே வேண்டாம். டெஃப்சலின் ஒரே தொல்லை அதன் கடினம். சாதாரண ஸ்ட்ரிப்பரால் உரித்தால் 19 இழையில் இரண்டு மூன்று வெட்டுப்படும், அது வெளியே தெரியாது. அச்சுக்கத்தி வைத்த ஸ்ட்ரிப்பர் விலை அதிகம்தான், ஆனால் அதில் மிச்சம் பிடிக்கக் கூடாது. 22 கேஜுக்கு (கேஜ் எண் குறையக் குறைய ஒயர் தடிக்கும்) 5 ஆம்பியர், 20-க்கு 7.5, 18-க்கு 10 என்று, மின்சாரம் மிகுந்தால் தானே துண்டிக்கும் பிரேக்கர் வைத்தால் ஒயரைப் பற்றிய கவலை முடிந்தது.

தடித்த கேபிளுக்கு 2 கேஜா, 4 கேஜா என்று கேட்காத ஆள் இல்லை. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டர் வரை 4.5 மீட்டர், சுழற்றும்போது 200 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், 2 கேஜில் இழப்பு 0.46 வோல்ட், 4 கேஜில் 0.73. எடை வித்தியாசம் செம்பில் மட்டும் அரை கிலோ. அந்த அரை கிலோவைச் சுமப்பதே மேல், குளிர்காலக் காலையில் அதன் அருமை தெரியும். ஆனால் பெரும்பாலும் வோல்ட்டைத் தின்பது கேபிள் அல்ல, இணைப்புகள். ஒரு மில்லிஓம் கூடினாலே 200 ஆம்பியரில் 0.2 வோல்ட் போய்விடும். எதிர்முனைப் பக்கம் மின்சாரம் விமானத்தின் உடல் வழியாகவே திரும்புவதால், பின்பக்க எர்த் இணைப்பில் லக்குக்கு (கேபிள் முனையின் வளையத்துக்கு) அடியில் பிரைமர் பூச்சு மிச்சமிருந்தால் அங்கேதான் சூடு. உலோகம் பளிச்சிடும்வரை சுரண்டி, முடுக்கி, அதன்பின் மேலே பூச்சு அடிக்க வேண்டும். ஒருவர் ஸ்டார்ட்டரைச் சுழற்ற, இன்னொருவர் மல்டிமீட்டரை இணைப்பின் இரு பக்கமும் வைத்துப் பார்த்தால் குற்றவாளி உடனே சிக்கும்.

இந்தக் கேபிளுக்கு ஃபியூஸ் கிடையாது என்பதை மறக்கக் கூடாது. உறை தேய்ந்து பல்க்ஹெட் (உடலின் குறுக்குத் தகடு) விளிம்பைத் தொட்டால் தீதான். அதனால் பேட்டரி கான்டாக்டரை (மாஸ்டர் சுவிட்ச் இயக்கும் பெரிய ரிலேயை) பேட்டரிக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும், மாஸ்டர் சுவிட்சை அணைத்தால் கேபிள் முழுதும் செத்திருக்கும். ஒவ்வொரு துளையிலும் கேபிள் புஷிங்கையே (துளை விளிம்பில் பொருத்தும் காப்பு வளையத்தையே) தொடாமல் நடுவில் நிற்கும்படி அருகிலேயே ரப்பர் பட்டை கொண்ட ஏடெல் கிளாம்ப் போட வேண்டும். புஷிங் காப்புதானே தவிர தாங்குகட்டை அல்ல.

நைலான் ஸ்னாப் புஷிங் மெல்லிய தகட்டில் வருஷக்கணக்கில் அசையாமல் நிற்கிறது. 5/8 அங்குல புஷிங்குக்குச் சரியாக 5/8 துளைதான் வேண்டும், அதற்கு ஸ்டெப் டிரில் நல்லது. சாதாரண டிரில் பிட் மெல்லிய தகட்டில் முக்கோணத் துளை போடும், அதில் புஷிங் ஆடும், ஆடுவது கழன்று ஒயர்மேல் வளையலாகத் தொங்கும். டப்ளர் (வலுவுக்கான கூடுதல் தகடு) வைத்து ரிவெட் அடித்த தடித்த இடத்தில் புஷிங்கின் பல் கவ்வவே கவ்வாது. அங்கே விளிம்பைச் சுற்றி ஒட்டும் நைலான் பற்பட்டை போதும். ரப்பர் குரோமெட் (துளைக்கான ரப்பர் வளையம்) கேபினுக்குள் சரி, எஞ்சின் பக்கம் எண்ணெயும் சூடும் பட்டு கல்லாகிவிடும். எஞ்சினையும் கேபினையும் பிரிக்கும் ஃபயர்வாலில் துருப்பிடிக்காத எஃகுக் குழாயும் தீத்தடுப்பு உறையும் தவிர வேறெதுவும் வேண்டாம்.

கேபின் தரையின் நடுவே ஓடும் சுரங்கம் நேர்வழிதான், ஆனால் எரிபொருள் குழாய், பம்பு, ஹீட்டர் குழாய் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. ஒயர்களைப் பக்கவாட்டில் கொண்டுபோவதே நிம்மதி. அமெரிக்க விமானத்துறை அமைப்பான எஃப்ஏஏ-வின் ஏசி 43.13-1பி கையேடு, சுக்கான்களை இழுக்கும் கட்டுப்பாட்டுக் கேபிளிலிருந்து 3 அங்குல இடைவெளி கேட்கிறது. தாங்கிகளுக்கிடையே 24 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது, கையால் லேசாக அழுத்தினால் அரை அங்குலத்துக்கு மேல் தொய்யக் கூடாது. அந்த 3 அங்குலம் கிடைக்காத இடத்தில் ஒயர் கேபிளைத் தொடாதபடி நடுவே தடுப்பு போட வேண்டும்.

பசை தடவிய கேபிள் டை மேடைகள் இருக்கின்றனவே, அவற்றை மட்டும் வாங்க வேண்டாம். வெயிலில் நிற்கும் விமானத்தின் வால்கூம்புக்குள் ஓரிரு கோடையிலேயே பசை இளகி, மேடையும் ஒயர்க்கட்டும் சேர்ந்து தரையில் கிடக்கும். ரிவெட்டோ திருகோ போட்டது மட்டும் மிஞ்சும். டையை இறுக்கிக் கட்டுவதும் தப்பு. ஆர்ஜி-400 கோஆக்ஸை (ஆன்டெனா கேபிளை) நசுக்கினால் உள்ளே அளவு மாறி சிக்னல் கெடும். மெழுகு நாடாவால் முடிச்சுப் போட்ட கட்டு எடை குறைவு, கையையும் கிழிக்காது. ஒரு மாலைப் பொழுதில் கை பழகிவிடும்.

முனைகளில் கிரிம்ப்தான் (உலோக முனையை ஒயர்மேல் நசுக்கிக் கவ்வவைப்பது), ஈயப் பற்று வேண்டாம். ஈயம் இழைகளுக்குள் ஏறி நிற்கும் இடத்தில் ஒயர் கம்பியாக விறைத்து, அதிர்வில் அந்த எல்லையிலேயே ஒடியும். உறையையும் சேர்த்துக் கவ்வும் பிஐடிஜி ரக முனையும், அதற்கென்றே ராட்செட் வைத்த கருவியும் இருந்தால் பிரச்சினையே இல்லை. முதலில் நாலைந்து கிரிம்ப் போட்டு இழுத்துப் பார்க்கலாம். 22 கேஜ் சுமார் 7 கிலோ இழுப்பைத் தாங்க வேண்டும். டிரிம் மோட்டாரிலிருந்து வரும் ஐந்து ஒயரும் முடிபோல் மெல்லியவை, வால்பகுதிக் கோளாறுகளில் பாதி இங்கேதான். ஒன்பது முள் டி-சப் இணைப்பு போட்டு, அதற்கு முன்னாலேயே ஒயரைக் கட்டிவிட்டால் இழுவிசை முள்ளுக்குப் போகாது.

திசை உணரியை வால்கூம்பில் வைப்பவர்கள் ஒரு விஷயத்தில் ஏமாறுகிறார்கள். பேட்டரி பின்னால் இருப்பதால் கேபிளில் போகும் மின்சாரமும் உடல் வழியே திரும்பும் மின்சாரமும் சேர்ந்து பெரிய வளையமாகிறது. பக்கத்தில் உணரி இருந்தால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யத் தொடங்கியதும் திசை நகரும். வால் விளக்குக்கும் இதே கதை. விளக்கின் எர்த்தை அங்கேயே உடலில் முடித்துவிடாமல், இரண்டு ஒயரையும் முறுக்கி முன்னால் கொண்டுவந்தால் இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று தின்றுவிடும். உணரியைப் பொருத்துமுன் அதைக் கையில் வைத்து, ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டு எண் ஆடுகிறதா என்று பார்ப்பது பத்து நிமிட வேலை. அருகிலுள்ள இரும்புத் திருகுகளையும் துருப்பிடிக்காத எஃகில் காந்தம் ஒட்டாத ரகமாகப் பார்த்து மாற்ற வேண்டும்.

சாமான் அறைத் தரையை ரிவெட் அடிக்குமுன் எல்லா ஒயரும் உள்ளே போயிருக்க வேண்டும், பிறகு கை நுழையாது. லேபிளை இரு முனையிலும் ஒட்டி, மேலே சூட்டில் சுருங்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய் போட்டால் அழியாது. ஒயர் போட்டபின் துளையிட நேர்ந்தால் ஒயர்க்கட்டைத் துணியால் சுற்றி, உடனே வாக்வம் வைத்து உறிஞ்ச வேண்டும், அலுமினியச் சுருள் உறைக்குள் மெதுவாக அறுத்துக்கொண்டே போகும். உபரியாக 20 கேஜ் ஒன்று, 22 கேஜ் இரண்டு விட்டுவைக்கலாம். இவற்றோடு புல்வெட்டி நைலான் நூல் ஒன்றும் முன்னிருந்து பின்வரை கிடக்கட்டும். அதைப் பிடித்துப் புது ஒயரை இழுக்கும்போது கூடவே இன்னொரு நூலையும் கட்டி இழுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஒயருக்குத் தரையைப் பெயர்க்க வேண்டியதுதான்.