பின் இருக்கையில் உட்கார்ந்து பார்த்து வாங்கிய கார்: மாருதி சியாஸ், 68,000 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு

2022 மார்ச் மாதத்தில், மூன்று ஆண்டுகள் ஓடியிருந்த மாருதி சுசுகி சியாஸ் ஒன்றை 7 லட்சத்து 35 ஆயிரம் ரூபாய்க்கு வாங்கினேன். 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், மேனுவல் கியர், 2019-ஆம் ஆண்டுப் பதிவு. வாங்கும்போது ஓடோமீட்டர் 34,200 கிலோமீட்டர் காட்டியது. இப்போது 1,02,000-ஐத் தொட்டிருக்கிறது. மதுரைக்குள் தினசரி அலுவலகம், மாதம் ஒருமுறை திருநெல்வேலிப் பக்கம் உள்ள சொந்த ஊர், ஆண்டுக்கு நான்கைந்து முறை சென்னை, கோடையில் கொடைக்கானல் என்று இந்த வண்டி எல்லா வகைச் சாலையையும் பார்த்துவிட்டதால், இதைப் பற்றி எழுதும் அளவுக்கு எனக்கு அனுபவம் சேர்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

கார் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஓட்டிப் பார்க்கிறார்கள். பின்னால் உட்கார்ந்து பார்ப்பவர் குறைவு. எங்கள் வீட்டில் நான் ஒருவன் ஓட்டினால், முழங்கால் தேய்மானம் உள்ள எழுபத்தொரு வயது அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் பின்னால் உட்காருகிறார்கள். ஆகவே வண்டியின் மதிப்பெண்ணை அவர்கள்தான் போட வேண்டும் என்று முடிவு செய்து, பார்க்கப் போன ஒவ்வொரு வண்டிக்கும் அம்மாவை அழைத்துச் சென்றேன். விற்பனையாளர்களில் சிலருக்கு இது வேடிக்கையாக இருந்தது. ஒருவர் அம்மாவுக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு, என்னை மட்டும் ஓட்டிப் பார்க்க அழைத்தார்.

அப்போது என் பட்டியலில் மூன்று செடான்கள் (டிக்கி தனியாகப் பின்னால் நீண்டிருக்கும் கார்கள்) இருந்தன: நான்காம் தலைமுறை ஹோண்டா சிட்டி, 1.6 லிட்டர் ஹூண்டாய் வெர்னா, சியாஸ். ஓட்டுகிறவனுக்குப் பிடிக்கும் வரிசையும் அதுவேதான். சிட்டியின் 1.5 லிட்டர் எஞ்சின் 119 குதிரைத்திறன் தருவது. சியாஸின் கே15பி எஞ்சினோ 105 குதிரைத்திறனோடு நின்றுவிடுகிறது, அதன் 138 நியூட்டன் மீட்டர் இழுவையும் நிமிடத்துக்கு 4,400 சுழற்சியில்தான் முழுமையாகக் கிடைக்கிறது. ஆனால் முன்சக்கர அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும் இடையிலான நீளம் சிட்டியிலும் வெர்னாவிலும் 2,600 மில்லிமீட்டர், சியாஸில் 2,650. தாளில் பார்த்தால் ஐந்து சென்டிமீட்டர்தான். முன் இருக்கையை என் உயரத்துக்கு வைத்துக்கொண்டு, பின்னால் அம்மா காலை நீட்டி உட்கார்ந்தபோது அந்த ஐந்து சென்டிமீட்டர் ஒரு பெரிய விஷயமாகத் தெரிந்தது. 510 லிட்டர் டிக்கி மூன்று பெட்டிகளையும் ஓர் அரிசி மூட்டையையும் அடுத்தடுத்து விழுங்கியது.

பழைய வண்டியைச் சோதிக்கும் வேலையை மூன்று வாரம் நீட்டினேன். முதலில் பார்த்த ஒரு வண்டியின் ஓடோமீட்டர் 29,000 காட்டியது. அதே வண்டி இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே 61,000 கிலோமீட்டரில் சர்வீஸுக்கு வந்திருப்பதாகப் பதிவேடு சொன்னது. வண்டியின் பெயரையோ விற்றவர் பெயரையோ சொல்வதில் பயனில்லை; பதிவு எண்ணைக் கொடுத்து அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில் வரலாற்றைக் கேட்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது என்பதை அந்த ஒரு மாலை எனக்குக் கற்றுக்கொடுத்தது. ஓடோமீட்டரை மாற்றுகிறவர்கள் பிரேக் பெடலின் ரப்பரை மாற்ற மறந்துவிடுகிறார்கள் என்று எங்கள் மெக்கானிக் அண்ணன் சொல்வார். முப்பதாயிரம் ஓடிய வண்டியில் அந்த ரப்பரின் வரிகள் வழவழப்பாகத் தேய்ந்திருக்காது.

2021 நவம்பரில் சென்னையில் பெய்த மழைக்குப் பிறகான மாதங்கள் அவை என்பதால், தண்ணீரில் நின்ற வண்டி எங்காவது கழுவித் துடைக்கப்பட்டு நம் தலையில் கட்டப்படுமோ என்ற பயமும் இருந்தது. சீட் பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுத்து, கடைசி ஓரடியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பார்த்தேன். ஸ்டெப்னி இருக்கும் குழியின் அடியில் துருவைத் தேடினேன். கதவைச் சுற்றியுள்ள ரப்பரை உரித்து, தொழிற்சாலையில் வைத்த பற்றவைப்புப் (வெல்டிங்) புள்ளிகள் ஒழுங்கான இடைவெளியில் இருக்கின்றனவா என்று கவனித்தேன். பேனட்டையும் பக்கத் தகடுகளையும் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் ஸ்பானர் பட்ட தழும்பு இருந்தால் அந்தப் பாகம் ஒருமுறையாவது கழற்றப்பட்டிருக்கிறது என்று பொருள். கண்ணாடிகள் எல்லாவற்றிலும் தயாரிப்பு ஆண்டுக் குறி ஒன்றாக இருக்க வேண்டும். டயரின் ஓரத்தில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் சொல்லும். நான் வாங்கிய வண்டியில் முன் இடப்பக்கத் தகட்டின் போல்ட்டில் மட்டும் தழும்பு இருந்தது. மோட்டார் சைக்கிள் ஒன்று உரசியதில் மாற்றியதாக உரிமையாளர் நானே கேட்பதற்கு முன் சொல்லி, ரசீதையும் காட்டினார். விலை பேசும்போது அந்த நேர்மைக்காகவே நான் இன்னும் ஐயாயிரம் குறைக்கச் சொல்லாமல் விட்டேன்.

ஆவணங்களில் ஓரிடத்தில் நானே சறுக்கினேன். உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிவிட்டேன். ஆனால் வங்கிக் கடன் முடிந்ததற்கான படிவம் 35-ஐ முந்தைய உரிமையாளர் சமர்ப்பிக்காததால், கடன் கொடுத்த வங்கியின் பெயர் பதிவுச் சான்றான ஆர்.சி.யில் அப்படியே இருந்ததைக் கவனிக்கவில்லை. மாற்றம் ஐந்து வாரம் தள்ளிப்போயிற்று. இன்சூரன்ஸில் பழைய உரிமையாளர் சேர்த்து வைத்திருந்த நோ க்ளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காததற்கான தள்ளுபடி) அவரோடு போய்விடும், வண்டியோடு வராது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. முதல் ஆண்டு பிரீமியம் கணக்கிடும்போது இதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இனி வண்டியின் குணம். மதுரையிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 460 கிலோமீட்டர். ஐந்து பேர், நிறைந்த டிக்கி, முழுநேர ஏ.சி. என்ற நிலையில் மணிக்கு 90 கிலோமீட்டரை ஒட்டிச் சென்றால் லிட்டருக்கு 19 முதல் 20 வரை கிடைக்கிறது. ஒரு வழிப் பயணத்துக்கு 24 லிட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்கிறேன். 110-ஐத் தொட்டுக்கொண்டே போனால் 17.5-க்கு இறங்கிவிடும். மதுரை நகருக்குள், காளவாசல் சிக்னலில் தினமும் இரண்டு முறை நிற்கும் என் வாழ்க்கையில், 13 முதல் 14 வரை. நிறுவனம் சொல்லும் 21.56 என்பது சோதனைக்கூடத்தின் எண் என்பதால் அதனோடு நான் சண்டை போடுவதில்லை. எல்லாமே டேங்கை நிரப்பி, ஓடி, மீண்டும் நிரப்பிக் கணக்கிட்டவை. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் எல்லா பங்க்குகளிலும் வந்த பிறகு, அதே சாலையில் அதே வேகத்தில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் குறைந்திருக்கிறது. பத்து விழுக்காட்டுக் கலவைக்கென ஒழுங்குபடுத்தப்பட்ட கார்களில் மைலேஜ் 6 முதல் 7 விழுக்காடு வரை குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021-ஆம் ஆண்டுத் திட்ட அறிக்கையே சொல்லியிருந்ததால் எனக்கு இதில் வியப்பு ஏற்படவில்லை; எரிச்சல் மட்டும் இருக்கிறது.

சியாஸுக்கு நிறுவனம் சூட்டிய ஸ்மார்ட் ஹைபிரிட் என்ற பெயரைப் பார்த்து யாரும் ஏமாற வேண்டாம். மின்சாரத்தில் மட்டும் இந்தக் கார் ஓரடிகூட நகராது. முன் இருக்கைக்கு அடியில் உள்ள சிறிய லித்தியம் பேட்டரி, பிரேக் பிடிக்கும்போது கொஞ்சம் சக்தியைச் சேர்த்து, வேகம் எடுக்கும்போது எஞ்சினுக்குக் கை கொடுக்கிறது. சிக்னலில் எஞ்சினை அணைத்து, கிளட்சை மிதித்ததும் சத்தமின்றி எழுப்புகிறது. இந்தக் கடைசி வசதி மார்கழியில் நன்றாக இருக்கும். சித்திரை வெயிலில் எஞ்சின் அணைந்தால் ஏ.சி. கம்ப்ரஸரும் நின்றுவிடும், சிறிது நேரத்தில் பின்னாலிருந்து, “அப்பா, காத்து சூடா வருது” என்ற குரல் கேட்கும். மார்ச் முதல் ஜூன் வரை அந்தப் பொத்தானை அணைத்துவிட்டுத்தான் ஓட்டுகிறேன்.

பின் இருக்கையைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும். நெடுஞ்சாலையில் நான்கு மணி நேரம் போனாலும் பிள்ளைகளுக்குள் கால் இடித்துக்கொள்ளும் சண்டை வருவதில்லை, பின்பக்க ஏ.சி. துளைகள் இருப்பதால் முன்னால் குளிர்ந்து பின்னால் வேர்க்கும் நிலையும் இல்லை. தொடைக்குத் தாங்கல் போதுமானது, முதுகுச் சாய்வு தூங்குவதற்கு ஏற்றது. 15 அங்குலச் சக்கரமும் 185/65 டயரும் உள்ள வகையை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தேன். உயர் வகையில் வரும் 16 அங்குல, பக்கச்சுவர் மெல்லிய டயர் பார்வைக்கு அழகுதான், பள்ளத்தின் அதிர்ச்சியை இடுப்புவரை கொண்டுவந்து சேர்க்கும் குணமும் அதற்கு உண்டு. நடுவில் உட்காருகிறவருக்கு மட்டும் நீண்ட பயணம் சுகமாக இராது. பின் இருக்கையின் முதுகு மடியாது என்பதால் ஏணி போன்ற நீளமான பொருளை ஏற்ற வழியில்லை.

செடானின் உண்மையான பலவீனம் உயரம். ஐந்து பேரும் சாமானும் ஏறிய பிறகு, 170 மில்லிமீட்டர் என்று விவரப் புத்தகத்தில் உள்ள தரை இடைவெளி எவ்வளவு மிஞ்சும் என்பதை எங்கள் ஊர்ப் பாதையின் வேகத்தடைகள் சொல்லும். அச்சு நீளம் அதிகமான வண்டியின் நடுவயிறுதான் முதலில் தட்டும். ஒரு சக்கரமாகச் சாய்வாக ஏற்றி இறக்கினால் பெரும்பாலும் தப்பிக்கலாம். பின்னால் வரும் பேருந்துக்காரர் அதற்கு ஆரன் அடிப்பார், அடிக்கட்டும். அதைவிட முக்கியம், அம்மா இறங்கும் விதம். உள்ளே உட்கார்வது எளிது, தாழ்ந்த இருக்கையிலிருந்து எழுவதுதான் கடினம். இரண்டு காலையும் முதலில் வெளியே வைத்து, ஒரு கை முன் இருக்கையின் முதுகிலும் ஒரு கை என் தோளிலுமாக எழுந்திருக்கப் பழகிக்கொண்டார். வாங்குவதற்கு முன் அவரை உட்கார வைத்துப் பார்த்த நான், ஐந்து முறை இறங்கி ஏறச் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை புகார் இல்லை. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு சர்வீஸ். சராசரியாக 6,500 ரூபாய் ஆகிறது. 46,000 கிலோமீட்டரில் நான்கு டயர்கள், 2023-இல் பேட்டரி, 58,000-இல் முன் பிரேக் பேடுகள், 80,000-இல் சஸ்பென்ஷன் புஷ்களும் லிங்க் ராடுகளும். கிளட்ச் இன்னும் பழையதுதான். எதிர்பாராமல் வந்தது ஒன்றுதான்: ஒரு தீபாவளி விடுமுறையில் பத்து நாள் நிறுத்தியிருந்தபோது எலி புகுந்து ஒயரைக் கடித்ததற்கு 4,200 ரூபாய். எரிபொருளையும் இன்சூரன்ஸையும் தவிர்த்து இதுவரை 94,000 ரூபாய், அதாவது கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் நாற்பது காசுக்குள்.

2025-இல் சியாஸ் உற்பத்தி நின்றபோது உதிரிபாகம் கிடைக்குமா என்று நண்பர்கள் கேட்டார்கள். இதே கே15பி எஞ்சின் எர்டிகாவிலும் பிரெஸ்ஸாவிலும் ஓடியிருப்பதால் எஞ்சின் பாகங்களுக்குக் கவலையில்லை. விளக்கு, பம்பர் போன்ற வெளிப்பாகங்களுக்குத்தான் இனி சற்றுக் காத்திருக்க நேரிடலாம். நான்கு மீட்டருக்கு மேற்பட்ட இந்த அளவு கார்களின் மீது முன்பு மொத்தம் 45 விழுக்காடும் சிறிய பெட்ரோல் கார்களுக்கு 29 விழுக்காடும் வரி இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அவை முறையே 40, 18 என்றாயின. செடானின் வரி குறைந்தது உண்மைதான், ஆனால் சின்னக் காருக்கும் அதற்கும் உள்ள இடைவெளி 16-இலிருந்து 22 ஆக விரிந்துவிட்டது. பழைய செடான் வாங்குகிறவருக்கு இந்தக் கணக்கு சாதகமானது, ஏனென்றால் வரியையும் முதல் மூன்றாண்டுத் தேய்மானத்தையும் முதல் உரிமையாளர் செலுத்தி முடித்துவிடுகிறார்.

இன்று புதிதாக வாங்குவதாக இருந்தால் என் பார்வை பாதுகாப்பின் மீது இன்னும் அழுத்தமாக விழும். என் வண்டியில் இரண்டு ஏர்பேக், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ்., குழந்தை இருக்கைக்கான ஐசோஃபிக்ஸ் ஆகியவை மட்டுமே உள்ளன. மோதல் என்று வந்துவிட்டால் ஏர்பேக் முன்னால் உள்ளவர்களுக்கும் ஐசோஃபிக்ஸ் குழந்தைக்கும் உதவுகின்றன, பின்னால் உள்ள பெரியவருக்குப் பெல்ட்தான் துணை. 2022-இல் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பின் இருக்கையில் பெல்ட் அணியாமல் சென்று விபத்தில் இறந்த செய்திக்குப் பிறகே எங்கள் வீட்டில் பின்னால் பெல்ட் போடும் பழக்கம் உறுதியாயிற்று. ஃபோக்ஸ்வேகன் விர்டஸ், ஸ்கோடா ஸ்லாவியா, புதிய வெர்னா ஆகிய மூன்றும் 2023-இல் குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்றவை, அவற்றிலிருந்தே தொடங்குவேன். மைலேஜுக்காக மின்சாரத்தில் மட்டும்கூட ஓடக்கூடிய ஹோண்டா சிட்டியின் முழு ஹைபிரிட்டைப் பார்ப்பவர்கள், பேட்டரி இடம் பிடித்துக்கொள்வதால் அதன் டிக்கி 306 லிட்டராகச் சுருங்கிவிடுவதை நினைவில் வைக்க வேண்டும். எங்கள் குடும்பத்தின் ஊர்ப்பயண மூட்டைகள் அதில் பாதிகூட அடங்காது.

சென்ற மாதம் தெரிந்தவர் ஒருவர் 4 லட்சத்து 90 ஆயிரத்துக்கு வண்டியைக் கேட்டார். ஒரு வாரம் அவகாசம் வாங்கிவிட்டு இன்னும் பதில் சொல்லவில்லை. டயர்கள் 56,000 கிலோமீட்டர் ஓடிவிட்டன, ஏப்ரலுக்குள் மாற்றியாக வேண்டும். அதற்கு ஆகும் இருபத்து நாலாயிரம் ரூபாயை இந்த வண்டிக்குச் செலவிடுவதா, உயரமான வேறொன்றுக்கு மாறுவதா என்பது, அம்மாவின் முழங்காலைப் பற்றி எலும்பு மருத்துவர் அடுத்த வாரம் சொல்லப்போவதைப் பொறுத்திருக்கிறது.