செங்கல், கான்கிரீட், பிளாஸ்டிக்: எந்த மண்ணுக்கு எந்த சம்ப்?

சம்ப், அதாவது தண்ணீர் சேமிக்கும் நிலத்தடித் தொட்டி, கட்டப்போகிறவர்கள் முதலில் கேட்பது, லிட்டருக்கு என்ன செலவாகும் என்பதைத்தான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: ஐப்பசி, கார்த்திகையில் உங்கள் மனையில் எத்தனை அடியில் தண்ணீர் நிற்கும்? பக்கத்து வீட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். பெசன்ட் நகர் மணலும், பள்ளிக்கரணைப் பக்கத்துச் சதுப்புக் களிமண்ணும், கோவைக் கரிசலும் ஒரே சம்ப்பை ஒரே மாதிரி தாங்குவதில்லை.

நிரம்பி நிற்கும் தொட்டியைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியே இருக்கும் மண்ணை எதிர்த்துத் தள்ளும். அடைமழையில் கழுவுவதற்காகக் காலி செய்கிறீர்களே, அந்த அரை நாள்தான் உண்மையான சோதனை.

செங்கல் சம்ப்தான் மலிவு. ஒன்பது அங்குலச் சுவர், 1:4 சிமென்ட்-மணல் கலவை, உள்ளே இரண்டு கோட்டில் 1:3 பூச்சு, பூச்சில் வாட்டர்ப்ரூஃப் கலவை. எந்தக் கொத்தனாருக்கும் கைவந்த வேலை. ஆனால் தண்ணீரை நிறுத்துவது செங்கல் அல்ல, அந்தப் பூச்சு மட்டும்தான். தரையும் சுவரும் சேரும் மூலையில் முதல் விரிசல் விழும். அங்கே செங்கோணமாக விடாமல் வளைத்துப் பூச வேண்டும். கரிசல் மண் கோடையில் சுருங்கி மழையில் உப்புவதால், நல்ல பூச்சையும் இரண்டு மூன்று வருடத்தில் பிளந்துவிடும். கசிவென்றால் தண்ணீர் வீணாவதோடு போயிற்று என்று நினைப்பார்கள். வெளியே நீர்மட்டம் உயர்ந்து, உள்ளே பாதித் தண்ணீர்தான் இருக்கிறது என்றால் கசிவு திசை மாறும். பக்கத்து செப்டிக் டேங்க் ஊற்று நேராகக் குடிதண்ணீருக்குள் வரும். ஆகவே, மழைக்காலத்திலும் நீர்மட்டம் சம்ப்பின் தரைக்குக் கீழேயே இருக்கும் செம்மண், சரளை மனையில், ஐந்தடி ஆழத்துக்குள், 5,000 லிட்டர் வரை செங்கல் போதும். அதைத் தாண்டினால் எங்கள் ஓட்டு அதற்கில்லை.

அடுத்தது ஆர்.சி.சி., அதாவது இரும்புக் கம்பி கட்டி வார்க்கும் கான்கிரீட். கான்கிரீட் கனமாயிற்றே, மிதக்காது என்று பலர் நம்புகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 10,000 லிட்டர் சம்ப்: உள்ளளவு 2.5 × 2 × 2 மீட்டர், சுவர் 15 செ.மீ., தரை 20 செ.மீ., மேல்மூடி 15 செ.மீ. வெளிக் கன அளவு சுமார் 15.1 கன மீட்டர்; அதில் கான்கிரீட் 5.1 கன மீட்டர், எடை 12.8 டன். தரைமட்டம் வரை தண்ணீர் ஏறினால் அது மேலே தூக்குவது 15.1 டன். காலியாக இருந்தால் சம்ப் எழும்பிவிடும், குழாய் இணைப்புகளை முறித்துக்கொண்டு. தீர்வு எளிது: அடித்தரையைச் சுவருக்கு வெளியே நாலு பக்கமும் 30 செ.மீ. நீட்டி வார்க்க வேண்டும். அந்த விளிம்பின் மேல் உட்காரும் மண், தண்ணீரில் ஊறிய நிலையிலும் ஆறு டன்னுக்கு மேல் அழுத்தும். தூக்கும் விசையைவிட அழுத்தும் எடை குறைந்தது 1.2 மடங்கு இருக்க வேண்டும் என்பது விதி. இதில் அதற்கு மேலேயே கிடைக்கும்.

ஆர்.சி.சி.யில் ஒழுகுவது பெரும்பாலும் இணைப்பில்தான். தரை வார்க்கும்போதே சுவரின் முதல் 15 செ.மீ.யையும் சேர்த்து வார்த்து, அந்த மட்டத்தில் கசிவைத் தடுக்கும் பி.வி.சி. பட்டையை (வாட்டர் ஸ்டாப்பர்) வையுங்கள். எம்30 தரக் கான்கிரீட், தண்ணீர்-சிமென்ட் விகிதம் 0.45க்குள். ஓட்டம் போதவில்லை என்று மேஸ்திரி ஒரு வாளித் தண்ணீர் சேர்த்தால் அங்கேயே ஓட்டை போட்டதற்குச் சமம். மண்ணை நிரப்பும் முன் தண்ணீர் விட்டு, மட்டத்தைச் சுவரில் கோடு போட்டு, ஏழு நாள் பாருங்கள். மண் மூடிய பிறகு ஒழுகும் இடத்தைத் தேடுவது வீண் வேலை.

பிளாஸ்டிக் தொட்டியில் இணைப்பே இல்லை, கசிவும் இல்லை. ஒரே நாளில் இறக்கிவிடலாம். மொட்டைமாடித் தொட்டியை வாங்கிப் புதைத்தால் மண் அழுத்தத்தில் நசுங்கும். தடித்த விலா எலும்பு மாதிரி வரிகள் கொண்ட நிலத்தடித் தொட்டிதான் வேண்டும். காலியான 5,000 லிட்டர் தொட்டியை, தண்ணீர் ஊறிய மண் ஐந்து டன் விசையோடு தூக்கும். தொட்டியோ ஆட்கள் உருட்டிவிடும் எடை. கீழே 2.5 மீட்டர் சதுரத்தில் 20 செ.மீ. கான்கிரீட் போட்டாலும், நீருக்குள் அதன் நிகர எடை இரண்டு டன்கூட வராது. மீதியை அதன் ஓரத்தில் அமரும் மண் கொடுக்க வேண்டும். அந்தக் கான்கிரீட்டில் கொக்கி பதித்து, தொட்டியைப் பட்டைகளால் இழுத்துக் கட்ட வேண்டும். உள்ளே ஒரு அடி தண்ணீர், வெளியே ஒரு அடி மணல் என மாற்றி மாற்றி ஏற்றுங்கள். வெளியே மட்டும் நிரப்பினால் தொட்டி உள்வாங்கும். மேலே கார் நிற்குமென்றால் தனி ஸ்லாப் வேண்டும், அதன் சுமை தொட்டியின் மேல் இறங்காமல் இரு பக்க மண்ணில் இறங்கும்படி. நீர்மட்டம் ஆழமாக இருந்து, அவசரமும் இருந்தால் நாங்கள் இதைத்தான் சொல்வோம்.

கிணற்றுக்கு இறக்கும் சிமென்ட் உறையை (வளையம்) இறக்கி சம்ப் ஆக்குகிறவர்களும் உண்டு. நாலடி விட்டத்தில் ஓர் அடிக்கு சுமார் 355 லிட்டர்தான். 5,000 லிட்டருக்குப் பதினாலடிக்கு மேல் ஆழம் போக வேண்டும், அத்தனை இணைப்பும் ஒழுகும். மழைநீர் சேமிப்புக் குழிக்கு உறை அருமை. அதோடு நிற்கட்டும்.

எது கட்டினாலும் குழி ஒன்றுதான். 1.5 மீட்டருக்கு மேல் தோண்டினால் பக்கங்களைச் சரிவாக வெட்டுங்கள், இல்லையேல் பலகை முட்டுக் கொடுங்கள். வெட்டிய மண்ணைக் கரையிலிருந்து 1.5 மீட்டர் தள்ளிக் கொட்டுங்கள். தண்ணீர் இறைக்கும் டீசல் எஞ்சினைக் குழிக்குள் இறக்கவே கூடாது. அதன் புகைக்கு ஆள் தாங்காது.

கான்கிரீட் மூடி வார்க்கும் சம்ப்புக்கு இன்னொரு ஆபத்து. மூடி வார்த்து வாரக்கணக்கில் கிடந்த சம்ப்பில், வார்க்கும்போது கான்கிரீட்டைத் தாங்க அடியில் கொடுத்த, ஈரத்தில் ஊறும் சென்ட்ரிங் பலகைகள் உள்ளே இருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். பலகை பிரிக்க இறங்கியவர் சுருண்டு விழ, தூக்கப் போனவரும் விழுவார். இரண்டு எதிர் மூலைகளில் 60 × 60 செ.மீ. மேன்ஹோல் விட்டு, இரண்டையும் திறந்து, காற்று ஊதும் ப்ளோயரின் குழாயை அடிவரை விட்டு ஓடவிடுங்கள்; வேலை முடியும் வரை நிறுத்தக் கூடாது. மெழுகுவர்த்தி கொளுத்திப் பார்ப்பதை நம்ப வேண்டாம். விஷவாயுவை அது காட்டாது. இறங்குகிறவர் இடுப்பில் கயிறு, மேலே இரண்டு பேர், மோட்டார் லைன் அணைந்திருக்க வேண்டும்.