உப்பைத் தாங்கும் நெல்: மூன்று வழிகள், இரண்டு பருவங்கள்

மண்ணின் உப்பளவைக் காட்டும் மண்சாற்றின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 3 டெசிசைமன்ஸைத் தாண்டினால், அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு அலகுக்கும் நெல் விளைச்சல் ஏறத்தாழ 12 சதவீதம் குறையும் என்பது வெகுகாலமாக வழக்கில் உள்ள கணக்கு. இந்தச் சராசரி ஓர் உண்மையை மறைத்துவிடுகிறது. முளைக்கும்போதும் தூர் கட்டும்போதும் உப்பை ஓரளவு பொறுத்துக்கொள்ளும் நெல், நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும்தான் தாக்குப்பிடிக்க முடியாமல் போகிறது. ஆகவே ரகம் உருவாக்கும் வழிகளை இந்த இரு பருவங்களை வைத்தே எடைபோட வேண்டும் என்பது என் கருத்து.

பழைய வழி, கேரளக் கடலோரத்துப் பொக்காளி, வங்கத்து நோனா போக்ரா போன்ற ரகங்களை உயர்விளைச்சல் ரகங்களோடு கலந்து, உவர் நிலத்திலேயே வளர்த்துத் தேர்வு செய்வது. பூவின் நுனியைக் கத்தரித்து, மகரந்தப்பைகளை நீக்கி, கதிருக்கு உறை மாட்டி, மறுநாள் மகரந்தம் தூவும் வேலை இன்றும் அப்படியேதான் இருக்கிறது. பொக்காளியின் உயரமும் சாயும் குணமும் கூடவே வந்துவிடுவதால் அவற்றைக் கழிக்கவே பல தலைமுறைகள் ஆகின்றன. ஆனால் பயிர் அறுவடைவரை உப்பிலேயே நிற்பதால், எந்த மரபணு என்று தெரியாமலேயே பூக்கும் பருவத் தாங்குதிறனும் தேர்வாகிறது. இந்த வழியின் பலம் இதுவே.

இரண்டாவது, மார்க்கர் (வேண்டிய மரபணுப் பகுதி இருக்கிறதா என்று காட்டும் டிஎன்ஏ அடையாளம்) துணையுடன் செய்யும் பின்கலப்பு, அதாவது கலப்பில் பிறந்ததைப் பழகிய ரகத்தோடே மீண்டும் மீண்டும் கலப்பது. பொக்காளியிலிருந்து கண்டறியப்பட்ட ‘சால்டால்’ பகுதி முதல் குரோமோசோமில் இருக்கிறது; அங்குள்ள ஒரு மரபணு, சோடியம் இலைக்கு ஏறுமுன் சாறு செல்லும் குழாயிலிருந்து அதை வெளியேற்றுகிறது. உப்பு கலந்த ஊட்டக் கரைசலில் உப்பைத் தாங்காத ஐஆர் 29 ரக நாற்றின் இலைகள் சுருண்டு காயும்போது, அதற்கும் பொக்காளிக்கும் பிறந்த எஃப்எல் 478 பச்சையாக நிற்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மூன்று முறை பின்கலந்தால் விவசாயிக்குப் பழகிய ரகத்தின் மரபில் ஏறத்தாழ 94 சதவீதம் மீண்டுவிடும் என்பதால் விளைச்சல் பெரிதாகக் கெடாது. ஆனால் சால்டாலின் காவல் பெரும்பாலும் நாற்றுப் பருவத்தோடு முடிந்துவிடுகிறது.

மூன்றாவதான மரபணுத் திருத்தத்தில் என்னைக் கவர்வது டிஎஸ்டி மரபணு. அது செயலிழந்தால் இலைத்துளைகள் குறைந்து உப்பும் வறட்சியும் தாங்கப்படுகின்றன; கதிரின் மணி எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவதிலும் இதே மரபணுவுக்குப் பங்குண்டு. எம்டியூ 1010 ரகத்தில் இதைத் திருத்தி உருவாக்கிய ‘பூசா டிஎஸ்டி ரைஸ் 1’ ரகத்தை 2025 மே மாதம் இந்திய அரசு அறிவித்தது. இருந்தாலும், உள்ள மரபணுவை முடக்குவது எளிது. பொக்காளியிடம் மட்டும் உள்ள நல்ல வடிவங்கள் பலவற்றை ஒருசேரக் கொண்டுவருவது இன்னும் கலப்பின் வேலையாகவே இருக்கிறது.

மழை உப்பைக் கழுவிவிடும் பருவத்தில், நடவின்போது மட்டும் உவர் இருக்கும் வயலுக்கு இரண்டாவது வழியே போதும். குளிர்காலத்தில் நட்டுக் கோடையில் அறுக்கும் வங்கதேசக் கடலோரத்துப் போரோ பருவம் அப்படியல்ல. அங்கே கோடை நெருங்க நெருங்க, பயிர் பூக்கும் வேளையில் உப்பு ஏறுகிறது. சால்டாலை மட்டும் நம்பிய ரகம் அங்கே நாற்றாக நன்றாக நின்று, கதிரில் பதராகிவிடக்கூடும்.