மணிலா டூர் பேக்கேஜ்: நாங்கள் 57,000 ரூபாய் ஏமாந்த விதம்

டிசம்பர் அரையாண்டு லீவில் குடும்பத்தோடு பிலிப்பைன்ஸ் போய்வந்தோம். போன இடத்தில் 38,000 பேசோ போய்விட்டது. ஒரு பேசோ ஏறக்குறைய ஒன்றரை ரூபாய் என்று வையுங்கள், நம் காசில் 57,000. பணம் திரும்பி வரும் என்ற நம்பிக்கை எனக்கு இப்போது அதிகம் இல்லை. ஆனால் கோடை லீவுக்கு அந்தப் பக்கம் போகத் திட்டம் போடுகிறவர்கள் இதே வலையில் விழக்கூடாது என்பதற்காக நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

என் தம்பி துபாயில் வேலை பார்க்கிறான். அங்கே நர்ஸாக இருக்கும் பிலிப்பைன்ஸ் பெண்ணைக் கல்யாணம் செய்து ஆறு வருடம் ஆகிறது. கல்யாணம் மதுரையில் நடந்தது. சம்பந்தி வீட்டார் நான்கு பேர் அவ்வளவு தூரத்திலிருந்து வந்து, ஒரு வாரம் எங்கள் வீட்டில் தங்கி, இலை போட்டுச் சாப்பிட்டு, எல்லோரிடமும் அன்பாக இருந்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து அம்மாவுக்கு ஒரே ஆசை, சம்பந்தி வீட்டுக்கு ஒரு தடவையாவது போய்வர வேண்டும் என்று. 2025 ஜூன் முதல் இந்தியர்கள் 14 நாள் வரை விசா இல்லாமல் சுற்றுலா போகலாம் என்றானதும் டிக்கெட் போட்டுவிட்டோம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், அம்மா. துபாயிலிருந்து தம்பி, அவன் மனைவி, நான்கு வயதுக் குழந்தை. மொத்தம் எட்டுப் பேர்.

தப்பு எங்கே ஆரம்பித்தது என்று யோசித்தால், அது என்னிடம்தான். பெண் வீட்டாருக்குச் செலவு வைக்கக்கூடாது என்று நானும் அம்மாவும் பேசி வைத்துக்கொண்டோம். வேன், டிக்கெட் என்று அவர்களிடம் கேட்டால் அவர்களே காசு கொடுத்துவிடுவார்கள், அப்படிப்பட்ட மனிதர்கள். அதனால் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நானே முகநூலில் தேடினேன்.

ஒரு டூர் நிறுவனத்தின் பக்கம் கிடைத்தது. நாற்பதாயிரம் பேர் பின்தொடர்கிறார்கள். சிரித்த முகமாகக் குடும்பங்கள் நிற்கும் படங்கள், வெள்ளை வேன் படங்கள். கேட்ட ஐந்தாவது நிமிடம் பதில் வந்தது, வரிக்கு வரி 'மேம்'. மூன்று நாள் வேனுக்கு 18,000 பேசோ. என்சாண்டட் கிங்டம் தீம் பார்க்குக்கு ஆளுக்கு 900 வீதம் எட்டு டிக்கெட், 7,200. தால் எரிமலைக்குப் படகு, அங்கிருந்து குதிரையில் பள்ளத்தின் விளிம்பு வரை, ஆளுக்கு 1,600 வீதம் 12,800. டோல், பார்க்கிங், டிரைவர் சாப்பாடு எல்லாம் சேர்த்து என்று எழுத்தில் கொடுத்தார்கள். பாதி முன்பணம், மீதி மணிலாவில் இறங்கிய அன்று. கிறிஸ்துமஸ் வாரம் என்பதால் இன்று இரவுக்குள் கட்டாவிட்டால் இடம் போய்விடும் என்றார்கள். அரசாங்கத்தில் பதிவு செய்த சான்றிதழின் படத்தையும் நான் கேட்காமலேயே அனுப்பினார்கள்.

தம்பியிடம் சொல்லி, அவர்கள் கொடுத்த ஜிகேஷ் எண்ணுக்குப் பணம் அனுப்பச் சொன்னேன். ஜிகேஷ் என்பது நம் ஜிபே மாதிரி போனில் பணம் அனுப்பும் அந்த ஊர் ஆப். அவன் போன் செய்தான்.

"அக்கா, கம்பெனி பேர் ஒண்ணு இருக்கு, இங்க வர்ற பேர் வேற யாரோ தனி ஆள் மாதிரி இருக்கே?"

"ஓனர் பேரா இருக்கும்டா. நாளைக்கு ரேட் ஏறிடுமாம், அனுப்பு."

"அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடவா?"

"வேண்டாம்டா. நைட் ஷிப்ட்ல இருப்பா. அவகிட்ட சொன்னா அவங்க அம்மாவுக்குப் போயிடும்."

அவன் மனைவி அந்த ஊர்ப் பெண். அந்தப் பக்கத்தைப் பார்த்திருந்தால் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பாள். நான் தடுத்தேன்.

இதற்கு நடுவில் இன்னொரு இடத்திலும் பணம் விட்டோம். பிலிப்பைன்ஸ் போகிற எல்லோரும் போய் இறங்குவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் இடிராவல் என்ற பதிவை இணையத்தில் செய்ய வேண்டும். தேடியதும் முதலில் வந்த தளத்தில் விவரம் கொடுத்து, ஆளுக்கு 2,300 ரூபாய் வீதம் ஐந்து பேருக்கு 11,500 கட்டினேன். அது அரசாங்கத் தளமே இல்லை. இடிராவல் முழுக்க இலவசம். முகவரியின் கடைசியில் அந்த நாட்டு அரசாங்கத்துக்கு உரிய 'கவ் டாட் பிஹெச்' இருக்கிறதா என்று பாருங்கள். எந்தத் தளமாவது கார்டு எண் கேட்டால் உடனே மூடிவிடுங்கள்.

மணிலாவில் முதல் நாள் வேன் சரியான நேரத்துக்கு வந்தது. டிரைவர் இருபத்தைந்து வயதுப் பையன், மரியாதையானவன். கூடவே வந்த ஒருவர் மீதி 19,000 பேசோவை எண்ணி வாங்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். ரசீது கேட்டேன், செய்தியில் வரும் என்றார். ஸ்பானியர் கட்டிய இன்ட்ராமுரோஸ் கோட்டை நகரம், சான் அகுஸ்தின் தேவாலயம், அந்த நாட்டின் தேசிய வீரர் ஹோசே ரிசாலைச் சிறை வைத்திருந்த சாந்தியாகோ கோட்டை எல்லாம் பார்த்தோம். அங்கே கலேசா என்கிற குதிரை வண்டி ஒன்றில் 500 பேசோ பேசி ஏறினோம். இறங்கும்போது ஆளுக்கு 500, அதுவும் அரை மணிக்கு என்றார் வண்டிக்காரர். தம்பி மனைவி தகாலோக் மொழியில் நான்கு வார்த்தை பேசியதும் 500-ஐ வாங்கிக்கொண்டு போனார். சாயங்காலம் டிரைவர் பையன் தயங்கித் தயங்கி டோலுக்கும் பார்க்கிங்குக்கும் காசு கேட்டான். எல்லாம் சேர்த்துத்தானே கட்டினோம் என்றோம். தன்னிடம் யாரும் அப்படிச் சொல்லவில்லை என்றான். அப்போதே எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

மறுநாள் என்சாண்டட் கிங்டம். லகூனா மாகாணத்தில் சாந்தா ரோசா என்ற ஊரில் இருக்கிறது, 1995-இல் திறந்த பூங்கா. பிள்ளைகள் ஒரு மாதமாக அங்கே இருக்கும் ரோலர் கோஸ்டர், படகு ஊஞ்சல் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். சம்பந்தி அம்மாவும் அவர் மகனும் தங்கள் ஊரான சான் பாப்லோவிலிருந்து பஸ் ஏறி வந்து வாசலில் எங்களுக்காக நின்றார்கள். பிள்ளைகள் அவர் கையைப் பிடித்துத் தங்கள் நெற்றியில் வைத்துக்கொண்டார்கள். பெரியவர்களிடம் ஆசி வாங்கும் அந்த ஊர் முறை அது. தம்பி மனைவி வேனில் வரும்போதே சொல்லிக் கொடுத்திருந்தாள். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்புறம் கேட்டுக்குப் போனோம். நான் ஊரிலேயே பிரிண்ட் எடுத்து, கசங்காமல் பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்த எட்டுத் தாள்கள். முதல் தாளைக் கருவியில் காட்டியதும் சிவப்பு விளக்கு. இரண்டாவது, சிவப்பு. மூன்றாவதும் அதே. அந்தப் பெண் மெதுவாக, "யூஸ்ட் நா போ, மேம்" என்றாள். பயன்படுத்திவிட்ட டிக்கெட் என்று அர்த்தம். அந்த 'போ' நம் 'ங்க' மாதிரி மரியாதைக்குச் சேர்ப்பது. பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. என் மகன் இரண்டு தாள்களை வாங்கி ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தான். கறுப்புக் கட்டங்கள் ஒரு புள்ளிகூடப் பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தன.

"அம்மா, எல்லாமே ஒரே படம்மா. பேர் மட்டும்தான் மாத்தியிருக்காங்க."

அதே நேரத்தில் சம்பந்தி அம்மா பக்கத்துக் கவுண்டரில் தன் முதியோர் அட்டையைக் காட்டி டிக்கெட் வாங்கிக்கொண்டிருந்தார். அந்த நாட்டில் 60 வயது நிறைந்த குடிமக்களுக்குப் பொழுதுபோக்கு இடங்களிலும் 20 சதவீதம் தள்ளுபடி கொடுக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அவர் முறைப்படி வாங்கிய ஒரே ஒரு டிக்கெட் செல்லுபடியானது. எங்களுடைய எட்டும் செல்லவில்லை. பூங்காக்காரர்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள், எங்கள் தாள்களைப் படம் எடுத்துக்கொண்டார்கள். மறுபடி எட்டு டிக்கெட் எடுத்து உள்ளே போனோம். பிள்ளைகள் சிரித்தார்கள். நான் அன்று முழுக்க அந்தப் பக்கத்துக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தேன். மதியம் வரை 'செக் பண்றோம் மேம்' என்றார்கள். நான்கு மணிக்கு என்னை பிளாக் செய்துவிட்டார்கள்.

வெளியே வந்தால் டிரைவர் பையன் வேனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கும் அவர்கள் போன் எடுக்கவில்லை. நாளுக்கு 2,500 பேசோ என்று பேசி, ஒரு நாள் சம்பளம்தான் கொடுத்திருக்கிறார்கள். வண்டி அவன் மாமாவுடையது, மூன்றாம் நாள் பற்றி அவனிடம் யாரும் சொல்லவே இல்லை. அன்று காலையிலிருந்து அவன் சாப்பிடவும் இல்லை. சம்பந்தி அம்மா கொண்டுவந்திருந்த சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து முதலில் அவனுக்குத்தான் கொடுத்தார். டீசலுக்கும் அவன் கூலிக்கும் நாங்கள் பணம் கொடுத்து, அவனே எங்களை சான் பாப்லோவில் கொண்டுபோய் விட்டான்.

அப்போதுதான் தம்பியின் மச்சான் வேனைச் சுற்றிப் பார்த்துவிட்டு நம்பர் பிளேட்டைக் காட்டினார். வெள்ளை. நம் ஊரில் டாக்ஸிக்கு மஞ்சள் போர்டு இருக்கிற மாதிரி அங்கேயும் வாடகைக்கு ஓடும் வண்டிக்கு மஞ்சள் பிளேட்தான். வெள்ளை பிளேட்டில் ஆள் ஏற்றிக் காசு வாங்கினால் அதை 'கொலோரும்' என்கிறார்கள், பர்மிட் இல்லாத வண்டி. வழியில் பிடித்தால் வண்டியைப் பறிமுதல் செய்துவிடுவார்கள். சின்னக் குழந்தையும் வயதான அம்மாவுமாக எக்ஸ்பிரஸ் சாலையில் நின்றிருப்போம். நம் ஊரில் ஒயிட் போர்டு வண்டியில் ஏற யோசிக்கிற நான், அங்கே பிளேட்டைப் பார்க்கவே இல்லை.

சான் பாப்லோவில் இருந்த நாட்களைப் பற்றிப் புகார் சொல்ல ஒன்றும் இல்லை. ஏழு ஏரிகள் இருக்கிற ஊர். சம்பாலோக் ஏரியைச் சுற்றிக் காலையில் நடந்தோம். அம்மா சைவம் என்று தெரிந்து, பாசிப்பயறைக் குழைய வேகவைத்து, பலாக்காயைத் தேங்காய்ப்பாலில் சமைத்து வைத்திருந்தார்கள். அரிசி மாவில் ஆவியில் வேகவைத்த 'புட்டோ'வைத் தட்டில் பார்த்ததும் அம்மா "இது நம்ம இட்லிதான்" என்றார். 24-ஆம் தேதி நள்ளிரவில் கிறிஸ்துமஸ் விருந்துக்குத் தெருவே விழித்திருந்தது. ஆனால் ஏமாந்த விஷயத்தைக் கேட்டு சம்பந்தி அம்மா வருத்தப்பட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. "எங்களிடம் ஏன் கேட்கவில்லை, நாங்கள் அந்நியரா?" என்று கேட்டார். தம்பி மனைவி அதை மொழிபெயர்க்கும்போது என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

26-ஆம் தேதி மச்சானின் நண்பர் மஞ்சள் பிளேட் வேன் கொண்டுவந்தார். தகாய்தாய் மலை முகட்டுக்குப் போனோம். கீழே ஏரி, ஏரி நடுவில் எரிமலைத் தீவு. படகிலும் குதிரையிலும் போவதற்குத்தான் 12,800 பேசோ கட்டியிருந்தோம். 2020 ஜனவரி 12 அன்று தால் வெடித்ததிலிருந்து அந்தத் தீவுக்குள் போகத் தடை இருக்கிறது. முழுத் தீவும் நிரந்தர அபாயப் பகுதி என்று எரிமலை ஆய்வு நிறுவனமான பிவோல்க்ஸ் அறிவித்திருக்கிறது. அதாவது, எங்களுக்கு விற்ற பயணம் நடக்கவே முடியாத பயணம். ஆனாலும் சாலையோரத்தில் பைக்கில் நிற்பவர்கள் சுற்றுலா வண்டியைப் பார்த்ததும் கையாட்டி, படகு இருக்கிறது என்கிறார்கள். வண்டியை நிறுத்தாதீர்கள். முகட்டில் நின்று பார்ப்பதே அவ்வளவு அழகு.

புகார் கொடுத்தோம். அந்த நாட்டில் இணைய மோசடிக்கு 1326 என்ற எண். அதில் பேசிவிட்டு, போலீஸின் சைபர் பிரிவுக்கு உரையாடல்களின் ஸ்கிரீன்ஷாட், பணம் போன ரசீது எண், அந்தப் பக்கத்தின் முகவரி எல்லாம் கொடுத்தோம். பக்கத்தின் பெயரை மட்டும் குறித்து வைத்தால் போதாது, பெயரை மாற்றிவிடுவார்கள். முகவரியை முழுதாக நகல் எடுத்து வையுங்கள். ரொக்கமாகக் கொடுத்த 19,000-க்கு எங்களிடம் ஆதாரமே இல்லை.

திரும்பி வந்தபின் அந்தப் பக்கத்தின் 'வெளிப்படைத்தன்மை' பகுதியைத் திறந்து பார்த்தேன். முகநூலில் எந்தப் பக்கத்துக்கும் அது இருக்கும். பக்கம் எப்போது தொடங்கியது, முன்னால் என்ன பெயர் என்று காட்டும். ஒன்றரை வருடத்துக்கு முன் அது முகப்பூச்சு க்ரீம் விற்ற பக்கம். அந்த நாற்பதாயிரம் பேரும் க்ரீம் வாங்க வந்தவர்கள். எனக்கு அனுப்பிய சான்றிதழும் வெறும் வணிகப் பெயர்ப் பதிவுதான், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று மச்சான் சொன்னார். டூர் நடத்துகிறவர்களிடம் கேட்க வேண்டியது சுற்றுலாத் துறையின் அங்கீகாரம். அதன் எண்ணை வாங்கித் துறையின் பட்டியலில் நீங்களே சரிபாருங்கள். பணம் வாங்குகிற கணக்கு நிறுவனத்தின் பெயரில் இல்லை என்றால் ஒரு பேசோகூட அனுப்பாதீர்கள். தீம் பார்க் டிக்கெட்டைப் பூங்காவின் சொந்தத் தளத்தில் அல்லது கவுண்டரில் மட்டும் வாங்குங்கள்.

நேற்று தம்பி மனைவி ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினாள். "ஆத்தே, இதைப் பாருங்கள்" என்று எழுதியிருந்தாள். 'ஆத்தே' என்றால் அவர்கள் மொழியில் அக்கா. அதே பக்கம், இப்போது வேறு பெயரில், மே மாதத்துக்கு போராகாய் தீவு பேக்கேஜ் விற்கிறது. மேலே இருக்கிற படத்தில் கடற்கரைக்கு முன்னால் நிற்பது நாங்கள் ஏறிய வேன். கண்ணாடியின் ஓரத்தில் அந்தப் பையன் ஒட்டியிருந்த சிவப்புக் கிறிஸ்துமஸ் நட்சத்திரமும் அப்படியே இருக்கிறது.