சென்ட்ஓஎஸ் எர்ரேட்டாவை ஸ்பேஸ்வாக்கில் ஏற்றிய ஆறு வருடங்கள்

2014இல் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகத்தில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது எங்களிடம் அறுபது சொச்சம் சென்ட்ஓஎஸ் 6 (ரெட் ஹாட் லினக்ஸின் இலவச மறுபதிப்பு) சர்வர்கள். எதற்கெல்லாம் பேட்ச் போட்டாகிவிட்டது என்று மேலாளர் கேட்டார். ஒவ்வொன்றாக உள்ளே போய்ப் பார்த்து எக்செல்லில் குறித்தோம். எல்லாச் சர்வர்களின் அப்டேட்களையும் ஒரே இடத்திலிருந்து கவனிக்கும் ஸ்பேஸ்வாக் மென்பொருளை நிறுவ அந்த வாரமே முடிவாயிற்று.

நிறுவிய பிறகுதான் குறை தெரிந்தது. எந்த அப்டேட் பாதுகாப்புக்கானது, எது சாதாரணத் திருத்தம் என்ற விவரம், அதாவது எர்ரேட்டா, ரெட் ஹாட் ரெப்போக்களில் (பேக்கேஜ் களஞ்சியங்களில்) கூடவே வரும். சென்ட்ஓஎஸ் ரெப்போவில் அது கிடையாது. பேக்கேஜ் வரும், காரணம் வராது. சிஇஎஸ்ஏ (சென்ட்ஓஎஸ் பாதுகாப்பு அறிவிப்பு) எண்ணோடு அறிவிப்பு தனியாக மின்னஞ்சலில் வரும். அந்த அறிவிப்புகளைத் திரட்டி ஒரே எக்ஸ்எம்எல் கோப்பாகத் தருகிற தன்னார்வத் திட்டம் ஒன்று இருந்தது. அதை ஸ்பேஸ்வாக்கில் ஏற்றும் அவர்களின் பெர்ல் ஸ்கிரிப்ட்டைத்தான் கடைசிவரை ஓட்டினேன். பாதுகாப்பு ஓட்டைகளின் விவரம் அடங்கிய ரெட் ஹாட்டின் ஓவல் கோப்பையும் கொடுத்தால் விளக்கத்தையும் சிவிஇ எண்களையும் (ஒவ்வொரு ஓட்டைக்கும் உரிய பொது அடையாள எண்) அதுவே சேர்த்துவிடும்.

முதல் தடவை ஓட்டியபோது பழைய அறிவிப்பு அத்தனையும் ஒரே மூச்சில் ஏறி, எல்லோருடைய இன்பாக்ஸும் நிரம்பியது. வெளியிடும் ஆப்ஷனைப் போடாமல் முதலில் சும்மா ஓட்டிப் பார்த்திருக்கலாம். சரி, திட்டு வாங்கியதோடு போயிற்று.

உழைப்புக்குப் பலன் கிடைத்தது ஷெல்ஷாக் என்ற அடுத்த பெரிய ஓட்டையின்போது. 2014 செப்டம்பர் 24இல் லினக்ஸின் கட்டளை ஷெல்லான பாஷுக்குத் திருத்தம் வந்தது. அது அரைகுறை என்று தெரிந்து இரண்டே நாளில் அடுத்தது வந்தது. இரண்டும் தனித்தனி அறிவிப்பு என்பதால், முதலாவதை மட்டும் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்த சர்வர்கள் எவை என்று ஒரே திரையில் தெரிந்தது.

தணிக்கைக்கு வந்தவரிடமும் இதுதான் காப்பாற்றியது. ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.1-ஜியில்தான் ஹார்ட்பிளீட் சரியானது, உங்களிடம் 1.0.1-ஈ இருக்கிறதே என்றார். பழைய பதிப்பெண்ணை மாற்றாமல் திருத்தத்தை மட்டும் உள்ளே சேர்ப்பது ரெட் ஹாட் வழக்கம், சென்ட்ஓஎஸும் அப்படியே. வாயால் சொன்னால் யார் நம்புவார்? அறிவிப்பில் சிவிஇ-2014-0160 என்றிருந்ததைக் காட்டியதும் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

இனி என் கூத்து. குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில் எர்ரேட்டா ஸ்கிரிப்ட் இரவு ஒரு மணிக்கு, புதிய பேக்கேஜ்களை இறக்கும் ரெப்போ சிங்க் மூன்று மணிக்கு. பேக்கேஜ் ஸ்பேஸ்வாக்கின் சேனலில் (பேக்கேஜ் தொகுப்பில்) இல்லாவிட்டால் ஸ்கிரிப்ட் அந்த அறிவிப்பைத் தாண்டிப் போய்விடும். அதனால் புதியவை எல்லாம் ஒரு நாள் தாமதமாகவே ஏறின. கண்டுபிடிக்கப் பல மாதங்கள் ஆயின. சிங்க் முடிந்த பிறகே இறக்குமதி என்று இரண்டையும் ஒரே ஸ்கிரிப்ட்டில் கோத்தேன்.

அடுத்தது இன்னும் மோசம். ஸ்கிரிப்ட் உள்நுழையும் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றினோம்; ஸ்கிரிப்ட் படிக்கும் கோப்பில் மாற்ற மறந்தோம். கிரானின் வெளியீட்டை, போட்டதெல்லாம் காணாமல் போகும் ‘டெவ் நல்’லுக்கு அனுப்பி வைத்த புண்ணியவானும் நான்தான். மூன்று வாரம் திரையில் புதிய அறிவிப்பு பூஜ்யம். அமைதியான மாதம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்! புதிய கர்னல் போட்டாயிற்றா என்று சக ஊழியர் பேச்சுவாக்கில் கேட்கப்போய்த்தான் விழித்தோம்.

அப்புறம் இரண்டு வேலை செய்தேன். அறிவிப்பே இல்லாவிட்டாலும் ‘ஓடி முடிந்தது, புதியவை 0’ என்று தினமும் ஒரு மின்னஞ்சல். வெற்றிகரமாக முடிந்தால் மட்டும் நேரம் பதியும் ஒரு கோப்பு; அது இரண்டு நாளுக்கு மேல் பழையதானால் மானிட்டரிங் கத்தும். பத்து வரிகூட இல்லை. பெர்ல் ஸ்கிரிப்ட்டைவிட எனக்கு அதிகம் உதவியது இதுதான்.

புதிதாக யாருக்கும் இந்த ஏற்பாட்டைச் சொல்லமாட்டேன். ஸ்பேஸ்வாக் 2020 மே மாதத்தோடு நின்றது, சென்ட்ஓஎஸ் 7 ஆதரவு 2024 ஜூனில் முடிந்தது. சென்ட்ஓஎஸுக்கு மாற்றாக வந்த ஆல்மா லினக்ஸும் ராக்கி லினக்ஸும் எர்ரேட்டாவைத் தாங்களே ரெப்போவோடு தருகின்றன. நாங்கள் ஆல்மாவுக்கு மாறிவிட்டோம். பெர்ல் ஸ்கிரிப்ட்டை அழித்தாயிற்று. கோப்பின் வயதைப் பார்க்கும் அந்தப் பத்து வரி மட்டும் ரெப்போ சிங்க்கைக் கண்காணித்தபடி இன்னும் கிரானில் ஓடுகிறது.