பட்டம் வாங்கிய பிள்ளையோடு மாலத்தீவு போகிறீர்களா? முன்பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

பரீட்சை முடிவும் பட்டமளிப்பும் நெருங்கினால் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் வாட்ஸ்அப் குழுக்களில் தீவுச் சுற்றுலா விளம்பரங்கள் வரிசைகட்டும். பிள்ளை படித்து முடித்த சந்தோஷத்தில் வீடே சேர்ந்து கிளம்புவது நல்ல காரியம். அந்தச் சந்தோஷத்தில் யாரும் தாளை வரிவரியாகப் படிக்க மாட்டார்கள் என்பதுதான் ஏமாற்றுகிறவனுக்கு மூலதனம்.

காரைக்குடிக் குடும்பம் ஒன்றுக்கு நடந்ததைச் சொல்கிறோம். மகள் பட்டம் வாங்கியதற்காக அப்பா, அம்மா, தம்பி, ஆயா (பாட்டி) என்று ஐந்து பேர். தலைக்கு 68,000 ரூபாய், மூன்று இரவு, நான்கு பகல். "எல்லாம் சேர்த்துத்தாண்ணே, அங்க போய் ஒத்தப் பைசா எடுக்க வேண்டியதில்ல" என்று ஏஜென்ட் குரல்பதிவே அனுப்பினார். 3,40,000 ரூபாய் கட்டியாயிற்று. அதற்கு மேல் 'விசா செலவு' என்று தலைக்கு 3,500.

அந்த விசாவிலிருந்தே தொடங்குவோம். இந்தியருக்கு மாலத்தீவில் இறங்கியதும் சுற்றுலா விசா இலவசம். புறப்படுவதற்கு 96 மணி நேரத்துக்குள் அந்நாட்டுக் குடிவரவுத் துறையின் 'இமுகா' தளத்தில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதுவும் இலவசம், போனிலேயே முடித்துவிடலாம். ஆக 17,500 ரூபாய் ஒன்றுமில்லாததற்குப் போனது.

பெரிய அடி கடைசிக் கடல் வழியில் விழுந்தது. திருச்சியிலிருந்து கொழும்பு வழியாக மாலே போய் இறங்கியபோது மாலை ஐந்து மணி. ரிசார்ட்டுக்குக் கடல் விமானத்தில்தான் போக முடியும். கடல் விமானம் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். மாலேயில் மூன்றரை மணிக்குப் பிறகு இறங்குகிறவர்களுக்குப் பெரும்பாலும் அன்றைக்கு இடம் கிடைக்காது. இவர்கள் விமான நிலையத்தை ஒட்டிய ஹுல்ஹுமாலே தீவில் சொந்தக் காசில் அறை எடுத்துத் தங்கினார்கள். ரிசார்ட்டில் முதல் இரவு கணக்கில் கழிந்தது, பணம் திரும்பவில்லை. திரும்பும் விமானம் அதிகாலையில் என்றாலும் இதே சிக்கல்தான். முந்தின நாளே தீவை விட்டு வந்துவிட வேண்டும்.

மறுநாள் காலை இன்னொன்று தெரிந்தது. கடல் விமானக் கட்டணமே பேக்கேஜில் இல்லை. ஏஜென்ட் கொடுத்த வவுச்சரின் (முன்பதிவுச் சீட்டின்) அடியில், பொடி எழுத்தில், 'டிரான்ஸ்ஃபர்: நேரடியாகச் செலுத்த வேண்டும்' என்று ஒரு வரி. போய்வரத் தலைக்கு 430 டாலர், ஐந்து பேருக்கு 2,150 டாலர். ரிசார்ட்டின் தூரத்தைப் பொறுத்து இது 300 முதல் 600 டாலர் வரை போகும். மலிவான பேக்கேஜ் என்றால் முதலில் இந்த இடத்தைத்தான் பார்க்க வேண்டும்: அறையின் விலையைக் குறைத்துக் காட்டி, போகும் வழியை உங்கள் தலையில் கட்டுவார்கள். ஸ்பீட் போட்டில் போகக்கூடிய ரிசார்ட்டுகளுக்கு இரவிலும் படகு உண்டு. வயதானவர்கள் கூட வந்தால் அதுவே நல்லது.

சாப்பாட்டிலும் இதே வேலை நடந்திருந்தது. வாயில் சொன்னது 'எல்லாம் சேர்த்து'. வவுச்சரில் இருந்ததோ காலைப் பலகாரம் மட்டும். ரிசார்ட் தீவில் வெளிக்கடை கிடையாது. மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால், 10 சதவீதச் சேவைக் கட்டணமும் அதற்கு மேல் சுற்றுலா ஜி.எஸ்.டி.யும் தனி என்று பொருள். 2025 ஜூலையிலிருந்து அந்த வரி 17 சதவீதம். 100 டாலர் சாப்பாடு கையில் வரும்போது 128 டாலரைத் தாண்டிவிடும். பசுமை வரி வேறு: 2025 ஜனவரியிலிருந்து ரிசார்ட்டில் தலைக்கு ஓர் இரவுக்கு 12 டாலர், ஐம்பது அறைக்கும் குறைவான விருந்தினர் இல்லங்களில் 6 டாலர். ஐந்து பேர் மூன்று இரவு ரிசார்ட்டில் தங்கினால் 180 டாலர். இது சேர்ந்ததா இல்லையா என்று எழுத்தில் கேளுங்கள்.

இன்னொன்று, நம் பக்கத்து ஆட்களுக்காகவே சொல்ல வேண்டியது. பூஜைக்கான சிலைகளை மாலத்தீவுக்குள் கொண்டுபோகத் தடை. பெட்டியில் சின்னப் பிள்ளையார் வைத்துக்கொண்டு போகும் பழக்கமுள்ள ஆச்சிமார்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

முன்பணம் கட்டுமுன் பிள்ளையின் பாஸ்போர்ட்டையும் எடுத்துப் பாருங்கள். சிறுவருக்கான பாஸ்போர்ட் பொதுவாக ஐந்து ஆண்டு அல்லது 18 வயது, எது முந்தியோ அதுவரைதான் செல்லும். பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைக்குச் சரியாக அந்த நேரத்தில் காலாவதியாகலாம். ஏஜென்ட் அதைக் கேட்கவே மாட்டார். பயணம் நின்றுபோனால் முன்பணம் அவருக்குத்தான்.

மாலத்தீவு வேண்டாம், அந்தமான் போதும் என்கிறவர்கள் தேதியைப் பாருங்கள். பிளஸ் டூ முடிவு மே மாதம் வரும். தென்மேற்குப் பருவமழை இந்தியாவில் முதலில் தொடுவதும் அந்தமான் கடலைத்தான், அதே மே மாதத்தில். கடல் கொந்தளித்தால் ஹேவ்லாக், நீல் தீவுகளுக்குப் போகும் கப்பல்கள் ரத்தாகும், நீர் விளையாட்டுகள் நிற்கும். அந்த வாரங்களில் பாதி விலைக்குப் பேக்கேஜ் கிடைப்பது அதனால்தான். கப்பல் ரத்தானால் கூடுதல் இரவுக்கு யார் பணம் கொடுப்பது என்று எழுதி வாங்காமல் போகாதீர்கள். அந்தத் தீவுகளுக்கு 2018 இலிருந்து சுவராஜ் த்வீப், ஷஹீத் த்வீப் என்று பெயர். டிக்கெட்டில் அந்தப் பெயர் இருந்தால் குழம்ப வேண்டாம்.

விமான டிக்கெட் என்று பி.டி.எஃப். வந்தால் அதை நம்பாதீர்கள். ஆறு எழுத்துப் பி.என்.ஆரையும் (முன்பதிவுக் குறியீடு) பயணியின் கடைசிப் பெயரையும் விமான நிறுவனத்தின் தளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். பணம் கட்டாமல் இடம் மட்டும் பிடித்து வைத்த பி.என்.ஆரும் முதல் நாள் திறக்கும். ஓரிரு நாளில் தானாக விழுந்துவிடும். அதனால் உறுதியானதா என்று பார்த்துவிட்டு, மூன்று நாள் கழித்து மறுபடியும் பாருங்கள். அறைக்கும் அப்படித்தான். வவுச்சரில் உள்ள எண்ணை அழைக்காமல், ரிசார்ட்டின் சொந்தத் தளத்தில் உள்ள மின்னஞ்சலுக்கு எழுதி நான்கைக் கேளுங்கள்: பணம் முழுதும் வந்ததா, எத்தனை பேர், எந்த உணவுத் திட்டம், டிரான்ஸ்ஃபர் சேர்ந்ததா.

வெளிநாட்டுப் பேக்கேஜுக்கு டி.சி.எஸ். (விற்கிறவரே வாங்கி அரசுக்குக் கட்டும் வரி) பிடிப்பது சட்டப்படிதான். ஆனால் அந்தத் தொகை உங்கள் பான் எண்ணில் கட்டப்பட்டு, வருமான வரித் தளத்தில் உங்கள் கணக்கில் ஏற வேண்டும். வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். பான் எண்ணே கேட்காமல் டி.சி.எஸ். என்று பணம் வாங்கினால் அது அவர் பைக்குத்தான் போகிறது. ஜி.எஸ்.டி. எண்ணில் எழுத்தும் இலக்கமுமாக 15 இடம். தமிழ்நாட்டில் பதிந்ததென்றால் 33 இல் தொடங்கும். ஜி.எஸ்.டி. தளத்தில் போட்டால் பதிவுப் பெயர் வரும். ஜி.பே.யில் வரும் பெயரும் அதுவும் வேறாக இருந்தால் பணத்தை நிறுத்துங்கள்.

பணம் போய்விட்டதா? மோசடி என்று தெரிந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930 க்கு அழையுங்கள். பணம் கணக்கிலேயே இருந்தால் முடக்க முடியும். ஆள் இருக்கிறார், சொன்னதைச் செய்யவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கட்டிய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. குரல்பதிவு, பேச்சு எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பிலிருந்து ஏற்றுமதி செய்து, சண்டை தொடங்குமுன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அனுப்பிய ஓரிரு நாளுக்குள் அந்தக் குரல்பதிவை ஏஜென்ட் 'எல்லோருக்கும்' என்று அழித்தால் உங்கள் போனிலும் போய்விடக்கூடும்.